உப்புப் பார்க்கும் நண்டுகள்

பிப்ரவரி 3

எக்ஸ்சேஞ்சு அம்மாவுக்கு,

நான்தான். கவர் மேல இருக்கிற எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். கோழி நடந்த மாதிரி இருக்குன்னு நீ சொல்ற அதே எழுத்து. கிழிச்சுப் போடாம உள்ள வரைக்கும் வந்துட்ட இல்ல, அதுவே எனக்கு லாபம்.

போன் பண்ணக் கூடாதுன்னு நம்ம பொண்ணு சட்டம் போட்டுட்டா. நான் பேசினாலே உனக்கு பிரஷர் ஏறுதாம், மெஷின வச்சுப் பாத்தாளாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டிக்கிட்டு காலம் பூரா ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நீ. உன் சொந்தப் புருஷன் லைன் மட்டும் கட். சரி, போகட்டும். எழுதறேன். அஞ்சாங்கிளாஸ் படிப்பு இன்னைக்காவது உதவட்டும்.

விஷயம் என்னன்னா, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. மூணு பேர். புருவத்தத் தூக்காத, பொம்பளைங்க இல்ல.

மாடியில மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தாரே, அவர் வேற நாட்டுக்கு வேலைக்குப் போறார். போறப்ப ஒரு கண்ணாடித் தொட்டியத் தூக்கிட்டு வந்து நம்ம வாசல்ல வச்சு, "பெரியவரே, இத விமானத்துல ஏத்த மாட்டாங்களாம். நீங்க வச்சுக்கறீங்களா?"ன்னார். உள்ள மணல். மணல் மேல மூணு சங்கு. அலமாரியில வச்சா அழகா இருக்குமேன்னு வாங்கிட்டேன். அவர் வண்டி தெருவத் தாண்டல, ஒரு சங்கு எந்திரிச்சு நடக்குது! நான் அலறின அலறல்ல எதிர்வீட்டுத் தையக்காரம்மா கத்திரிக்கோலோட ஓடி வந்துட்டாங்க.

சன்னியாசி நண்டாம் அதுங்களுக்குப் பேரு. சன்னியாசின்னு பேரு, ஆனா வீட்ட முதுகுல தூக்கிக்கிட்டுத்தான் சுத்துதுங்க. பெருசுக்கு மேனேஜர்னு பேரு வச்சிருக்கேன். கிட்டப் போய் ஏதாவது கேட்டா உள்ள போய்க் கதவச் சாத்திக்கிறான். ரெண்டாவது, எவன் வீடு காலியாகும்னு எப்பப் பாத்தாலும் அடுத்தவன் சங்கையே தடவிப் பாத்துக்கிட்டு இருக்கான். அவனுக்கு மாப்பிள்ளைன்னு பேரு. நம்ம மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாத. மூணாவது சின்னது. அது சின்னது, அவ்வளவுதான்.

இப்பத்தான் தகராறு. எதையும் திங்க மாட்டேங்குதுங்க. கண்ணாடிக்காரர் ஒரு டப்பா குடுத்துட்டுப் போனார், உள்ள பழுப்பு நிறத்துல உருண்டை. மோந்து பாத்தேன். பழைய செருப்பு வாசனை. ஒரு தொழிற்சாலைக்கே ஆக்கிப் போட்டவன், இதையா போடுவேன்? நல்ல மீன் துண்டு வாங்கி, உப்பு, மிளகாய், பூண்டு போட்டு வறுத்து வச்சேன். மூணும் உள்ள போயிடுச்சு. மறுநாள் முட்டை. அதையும் தொடல. உப்பு பத்தலையோன்னு மேல கொஞ்சம் தூவினேன். ஊஹூம்.

கேன்டீன்ல எவனாவது தட்டுல மிச்சம் வச்சா, பின்னாலயே போய் "ஏன்டா?"ன்னு கேட்டவன் நான். இதுங்ககிட்ட எங்க போய்க் கேக்கறது?

உனக்குத் தெரிஞ்சா எழுது. தெரியலைன்னாலும் திட்டறதுக்காவது எழுது.

இப்படிக்கு,
உன் கேன்டீன்


பிப்ரவரி 9

வீட்டில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "மேல கொஞ்சம் தூவினேன்" என்ற இடம் வரை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

எனக்கும் அப்படித்தானே தூவினீர்கள்?

உப்பே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். தலையை ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வைத்ததை எல்லாம் நம்பிச் சாப்பிட்டேன். கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படியில் மூச்சு முட்டி விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். "உப்பை நிறுத்தச் சொன்னேனே அம்மா" என்றார். "நிறுத்திவிட்டேன், சத்தியமாக" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொய் சொல்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இந்த வயதில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கினேன். மறுநாள்தான் நம் பெண் உங்கள் சட்டைப் பையில் இருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தாள். மாத்திரை இல்லை, உப்பு.

கேட்டதற்கு "ஒரு சிட்டிகைதானே, சப்புன்னு எப்படித் திங்கறது, பாவமா இருந்துச்சு" என்றீர்கள். எனக்காகப் பாவப்பட்டுத்தான் என்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தீர்கள். அதற்கு மேல் உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் பெண்ணோடு கிளம்பி வந்தேன்.

நண்டு வளர்க்க எனக்குத் தெரியாது. பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் மீன்தொட்டிக் கடை ஒன்று உண்டு. அங்கே போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னதைச் செய்யுங்கள். தலையை ஆட்டிவிட்டு வந்து உங்கள் இஷ்டத்துக்குச் செய்யாதீர்கள். அந்த ஜீவன்களுக்கு வந்து தூக்கிக்கொண்டு போக ஒரு மகள் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்


பிப்ரவரி 14

மகளின் தாய்க்கு,

(அந்தக் கையெழுத்து நல்லா இருக்கு. சட்டப்படி ரேஷன் கார்டுலயும் அப்படியே மாத்திடலாமா?)

டாக்டர் பாத்த பார்வை எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா அங்கயே சட்டையக் கழட்டிக் குடுத்து, "பை இதுல இருக்கு, திட்டு எனக்குக் குடுங்க"ன்னிருப்பேன். இதுக்கு மேல எழுத வரல. எழுதி எழுதி அடிச்சிட்டேன், பாரு, காகிதமே கிழிஞ்சு போச்சு.

கடைக்குப் போனேன். அங்க ஒரு அம்மா. தலையில ஒரு கண்ணாடி, மூக்குல ஒரு கண்ணாடி. நான் மீன் வறுத்த கதையச் சொன்னதும் ரெண்டு கண்ணாடியையும் கழட்டி வச்சுட்டு என்னையே பாத்தாங்க. "எண்ணெய் கூடாது. மிளகாய் கூடாது. மசாலா கூடாது. சாப்பாட்டுல உப்பு கூடாது. உப்பில்லாம அவிச்சுப் போடுங்க"ன்னாங்க.

"நீங்க எந்த ஆஸ்பத்திரிங்க?"ன்னு கேட்டுட்டேன். அவங்களுக்குப் புரியல. உனக்குப் புரியும்.

மீனோ முட்டையோ அவிச்சது துளி. கேரட் துளி. முட்டை ஓட்ட நல்லா இடிச்சுத் தூளாக்கிப் போடணுமாம், அதுங்க ஓட்டுக்கு அதுதான் பலமாம். சாயங்காலம் வச்சா காலையில எடுத்துடணும், கெட்டுப் போகக் கூடாது. வெளிச்சத்துல கூச்சமாம், யாரும் பாக்காதப்பத்தான் திங்குமாம். கல்யாணத்தன்னைக்கு நீ பண்ணியே, அதே மாதிரி.

ஆனா ஒண்ணு கேளு. தண்ணி ரெண்டு கிண்ணம் வைக்கணுமாம். ஒண்ணு நல்ல தண்ணி. இன்னொண்ணு உப்புத் தண்ணி! மீன்தொட்டிக்குன்னே தனியா விக்கிற உப்பு, சமையல் உப்பு ஆகாது. "பாத்தீங்களா, அதுங்களுக்கே உப்பு வேண்டியிருக்கு"ன்னேன். அந்தம்மா, "அது அதுங்களுக்கு, பெரியவரே. வேணும்னா அதுங்களே போய் எடுத்துக்கும். நீங்க சாப்பாட்டுல கலந்து ஊட்டாதீங்க"ன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். நீ பாக்காம போயிட்டியே.

அவிச்ச மீனும் கேரட்டும் வச்சேன். காலையில பாத்தா கேரட் ஓரத்துல கடிச்ச அடையாளம்! சின்னதோட வேலை. எலி கடிச்ச மாதிரிகூட இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி. நம்ம கேன்டீன்ல பெரிய பெரிய ஆளுங்க ரெண்டாவது தட்டு கேட்டப்பகூட எனக்கு இவ்வளவு சந்தோசமா இல்ல.

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. உப்புப் போட்டேன், தொடல. உப்பில்லாம வச்சேன், தின்னுது. அப்ப இதுங்களுக்கு உப்பு தெரியுது! இனிமே எனக்கு வாத்தியாருங்க இதுங்கதான். உப்பில்லாம வாய்க்கு விளங்கற மாதிரி ஆக்கக் கத்துக்கிட்டுத்தான் மறுவேலை. நீ சிரி. சிரிச்சுக்கிட்டே இரு. நான் கத்துக்கத்தான் போறேன்.

கேன்டீன்


பிப்ரவரி 19

கேன்டீன்காரருக்கு,

நான் சிரிக்கவில்லை.

ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச் முப்பதாம் தேதி இங்குள்ள டாக்டர் என்னைச் சோதித்துப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும் நான் இனி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நம் பெண் சொல்கிறாள். பின்பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, என் பெயரில் கட்டிலும் வாங்கிவிட்டாள். "அப்பா திருந்தவே மாட்டார் அம்மா. எனக்கு நீ உயிரோட வேணும்" என்கிறாள். அவள் சொல்வதில் என்ன தப்பு?

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுவது சுலபம். இங்கே வருகிற காலை வண்டியின் டிரைவர் உங்கள் கேன்டீனில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே? அவரிடம் ஒரு பிளாஸ்க்கில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெண்ணுக்கு இதைச் சொல்லவில்லை.


பிப்ரவரி 24

அம்மணி,

பிளாஸ்க்கு டிரைவர் கையில. மடியில வச்சுக்கிட்டே ஓட்டுடான்னு சொன்னேன், ஸ்டியரிங்க எங்க வைக்கிறதுன்னு கேக்கறான்.

உள்ள காய்கறி சூப். முத நாலு தடவை வச்சது கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு, கொட்டிட்டேன். அஞ்சாவதுதான் இது. பூண்ட வதக்காம சுட்டுப் போட்டேன். மிளகு இருக்கு. கெட்டியா வரணும்னு கேன்டீன் வேலைய ஒண்ணு காட்டியிருக்கேன். உப்பு? ஒரு கல்லு கிடையாது.

அனுப்பறதுக்கு முன்னாடி மேனேஜரக் கூப்பிட்டு உப்புப் பாக்கச் சொன்னேன். மிளகு போடறதுக்கு முன்னாடி ஒரு துளி எடுத்துக் கிண்ணத்துல வச்சேன். காலையில கிண்ணம் காலி! மூணு பேரும் பாஸ் போட்டாச்சு. தைரியமாக் குடி.


பிப்ரவரி 25

உப்பு இருக்கிறது.

ஒரு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை. பிளாஸ்க்கைக் கழுவி டிரைவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். பெண் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

இனி எழுத வேண்டாம்.


பிப்ரவரி 28

நீ எழுத வேண்டாம்னா நான் எழுதாம இருக்கணுமா? இது என் பேனா, என் காகிதம், என் ஸ்டாம்பு.

உப்பு நான் போடல. போடல. போடல. அடுப்பு மேல சத்தியம். கை மேல சத்தியம். டப்பாவ அன்னைக்கே தூக்கிக் குப்பையில எறிஞ்சாச்சு. உன் நாக்குதான் கெட்டுப் போயிருக்கு. ஆஸ்பத்திரி மருந்துல அப்படித்தான் ஆகும். இல்லைன்னா டிரைவர்ப் பய வழியில தொறந்து ஏதாவது பண்ணியிருப்பான், அவன் சின்ன வயசுலயே அப்படி. இல்லைன்னா என்னைத் திட்டணும்னே நீ முடிவு பண்ணிட்டுத்தான் கரண்டிய எடுத்த.

நண்டுங்க தின்னுச்சு! அதுங்க பொய் சொல்லுமா? நீ சொல்லு, மூணு நண்டும் ஒண்ணாச் சேந்து எனக்காகப் பொய் சொல்லுமா?

நேத்துலேர்ந்து எனக்குக் கோவம். எனக்குன்னு அடுப்பப் பத்த வைக்கல. நண்டுங்களுக்கு மட்டும் அவிச்சு வச்சேன், அதுங்க என்ன பண்ணுச்சு பாவம்.


மார்ச் 4

நீங்கள் மூன்று முறை "போடல" என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்லும்போது நீங்கள் ஒரு முறைதான் சொல்வீர்கள், உடனே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் நாக்கு கெடவில்லை. இத்தனை நாளாக உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். இப்போது ஒரு கல் இருந்தாலும் எனக்கு மணி அடித்ததுபோல் தெரியும். அந்தச் சூப்பில் உப்பு இருந்தது. நீங்கள் போடவில்லை என்றால் வேறு எதிலிருந்தோ வந்திருக்கிறது. எதிலிருந்து என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சமைத்தது நீங்கள்.

நண்டைப் போய் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களே, கொஞ்சமாவது யோசித்தீர்களா? கடலில் பிறந்தது, உப்பைக் கண்டு ஏன் ஓடும்? பக்கத்திலேயே உப்புத் தண்ணீரில் குளிக்கிற ஆளிடம் போய் "இதில் உப்பு இருக்கிறதா பார்" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லவேளை, உங்கள் கேன்டீனில் வேலைக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு உங்களிடம் இருக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். நண்டைக் கேட்டீர்கள். உங்கள் நாக்கால் ஏன் பார்க்கவில்லை? பார்த்திருந்தால் ஏன் தெரியவில்லை? எனக்குச் சூப் வைத்த அன்று உங்கள் தட்டில் என்ன இருந்தது?


மார்ச் 8

அம்மணி,

மொதல்ல நண்டு விஷயம். கடையம்மாகிட்டப் போய்க் கேட்டேன். சிரிச்சாங்க பாரு, மீனெல்லாம் தொட்டியில அந்தப் பக்கமா ஓடிப் போயிடுச்சு. "அதுங்க முதல்ல வராதது புது இடங்கிறதால. அப்புறம் நீங்க போட்ட மிளகாய். சாப்பாட்டுல உப்பு அதுங்களுக்கு நல்லதில்லதான், அதுக்காக அதுங்களே கண்டுபிடிச்சு ஒதுக்கும்னு யார் சொன்னா?"ன்னாங்க. யாரும் சொல்லல. நானேதான் சொல்லிக்கிட்டேன். மேனேஜர வேலைய விட்டுத் தூக்கிட்டேன், இப்ப வெறும் நண்டு.

அப்புறம் வீட்டுக்கு வந்து அந்தச் சூப்ப மறுபடி மொதல்லேர்ந்து வச்சேன். ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வரிசையா வச்சுக்கிட்டு, நீ உப்பா நீ உப்பான்னு கேட்டுக்கிட்டே வந்தேன். கேரட், இல்ல. பூண்டு, இல்ல. மிளகு, இல்ல. கடைசியில ரொட்டி.

கேன்டீன் வேலைன்னு எழுதினேன் இல்ல? சூப்பு தண்ணியா இருந்தா நேத்து ரொட்டிய ஊறப் போட்டுக் கரைச்சு விடறது. காலம் காலமா பண்றது, கையே தானாப் பண்ணும். ரொட்டிக் கடைக்கு ஓடினேன். "டேய், ரொட்டிக்கு உப்புப் போடுவியா?"ன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "போடாம?"ன்னான்.

உப்பு நான் போடல, அவன் போட்டான். ஆனா போடச் சொன்னது என் கை. நீ சொன்னது சரி. உன் நாக்கு மேல பழி போட்டதுக்கு என்ன வேணும்னாலும் திட்டு. டிரைவர்ப் பயகிட்டயும் மாப்புக் கேட்டாச்சு.

இப்ப உன் கடைசிக் கேள்வி. அத ராத்திரி பகலா பாத்துக்கிட்டே இருந்தேன். சூப்ப நானும் குடிச்சுப் பாத்தேன். எனக்குச் சப்புன்னுதான் இருந்துச்சு. ஏன்னா அன்னைக்கு என் தட்டுல உப்புப் போட்டு வறுத்த மீன், ஊறுகாய், கடையில விக்கிற உப்பு வெண்ணெய் தடவின ரொட்டி. வாய் பூரா உப்பு. அந்த வாய்க்கு ரொட்டி உப்பு எங்க தெரியும்?

உனக்கு உப்பில்லாம ஆக்குவேன், எனக்கு உப்போட ஆக்கிக்குவேன். ரெண்டு சட்டி. அப்படித்தான் நினைச்சிருந்தேன். இது ஆகாது. உப்புப் பாக்கத் தெரியாதவன் சமையல்காரன் இல்ல.

அதனால இன்னையிலேர்ந்து எனக்கும் கிடையாது. உப்பு ஜாடி, ஊறுகாய், வெண்ணெய், கருவாடு எல்லாத்தையும் தையக்காரம்மா வீட்டுல குடுத்துட்டேன். இந்த வீட்டுல இப்ப உப்பு இருக்கிற ஒரே இடம் நண்டுங்க கிண்ணம்தான்.

மத்தியானம் கொஞ்ச நேரம் அத உத்துப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னேன்.


மார்ச் 12

கேன்டீன்காரருக்கு,

ரொட்டி எனக்கும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்தது நல்லது.

நீங்கள் உப்பை விடுவதை நான் நம்பவில்லை. அவித்த முட்டைக்கு உப்பு இல்லை என்று கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் நீங்கள். என் அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நண்டுக் கிண்ணத்தின் பக்கம் போக வேண்டாம். அது மீன்தொட்டி உப்பு, மனிதர் சாப்பிடுவது இல்லை.


மார்ச் 22

அம்மணி,

உங்க அண்ணன் சொல்லிக் காட்டட்டும். அந்த முட்டைய அவரே தின்னிருந்தா தெரியும்.

முத வாரம் காகிதத்த மென்ன மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் தட்டத் தூக்கி எறியலாம்னு கையில எடுத்துட்டேன். எறிஞ்சா யார் பொறுக்கறதுன்னு நினைச்சு, மறுபடி கீழ வச்சுட்டேன். அன்னைக்கு நீ நினைப்புக்கு வந்த. டாக்டர் சொன்ன புதுசுல நான் உன்னைச் சாப்பிடச் சொல்லித் தட்ட நீட்டினப்பல்லாம் நீ இதைத்தான் மென்னிருக்கணும். பாவமா இருக்குன்னு உப்ப அள்ளிப் போட்டேன். கூட உக்காந்து ஒரு வாய் மெல்லணும்னு தோணவே இல்ல பாரு எனக்கு.

இப்பக் கொஞ்ச நாளா ஒரு அதிசயம். கேரட் இனிக்குது. பூண்டுக்கே ஒரு உப்பு மாதிரி ருசி வருது. தையக்காரம்மா பிஸ்கட்டு குடுத்தாங்க, வாயில வச்சதும் துப்பிட்டேன், அவ்வளவு உப்பு! அவங்களுக்குக் கோவம். பிஸ்கட்டுன்னா இனிப்புத்தானேங்கறாங்க. நீ சொன்ன மணி எனக்கும் அடிக்குது.

மேனேஜர் மணலுக்குள்ள போயிட்டான். மேல வரவே இல்ல. செத்துட்டான்னு நினைச்சுக் கரண்டியோட கிளம்பினேன். அப்புறம் உன் கடுதாசி ஞாபகம் வந்துச்சு, கேட்டுட்டுச் செய்னு சொன்னியே. கரண்டியக் கீழ வச்சுட்டுக் கடைக்குப் போய்க் கேட்டேன். தோல் உரிக்கப் போயிருக்கானாம். தோண்டினா செத்துடுவானாம். எப்ப வருவான்னா, அவனுக்கு எப்பத் தோணுதோ அப்பவாம். வேகற சட்டிய மூடி தொறந்து பாக்காம ஒரு நாளும் விட்டவன் இல்ல நான். தோண்டல. தினம் சாயங்காலம் அவன் பங்கையும் சேத்து வச்சுட்டு வர்றேன். அவ்வளவுதான் என் வேலை.

டிரைவர்கிட்டப் பிளாஸ்க்கு வருது. சூப்புதான். ரொட்டி இல்ல, உருளைக்கிழங்கு மசிச்சுக் கெட்டி பண்ணியிருக்கேன். எலுமிச்சம்பழம் கடைசியில பிழிஞ்சது. நண்டுங்களக் கேக்கல. நான்தான் பாத்தேன்.

உன் பொண்ணு சொல்றதுலயும் தப்பில்ல. கட்டில் வாங்கினவளுக்கும் கோவம் வரக் கூடாது. நீ அங்க இருக்கணும்னு முடிவு பண்ணினா இரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீ வந்தாலும் வரலைன்னாலும் இந்தச் சட்டி இனிமே இப்படித்தான். நீ சொல்லாம கொள்ளாம என்னைக்கு வந்து நின்னாலும், சட்டியில இருக்கறது உனக்கு ஆகிறதா இருக்கணும்.

நல்லா இருந்துச்சான்னு மட்டும் எழுது.


மார்ச் 31

உங்களுக்கு,

நன்றாக இல்லை.

எலுமிச்சை அதிகம். கிழங்கு சரியாக மசியவில்லை. மிளகு தொண்டையில் நிற்கிறது. ஆனால் உப்பு இல்லை. பிளாஸ்க்கில் இருந்தது முழுவதையும் குடித்தேன்.

நேற்று டாக்டர் பார்த்தார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மூச்சும் பரவாயில்லை என்றார். உப்பை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பினார்.

வெளியே வந்ததும் பெண் "அப்போ அந்த ரூம்லயே இருந்துடறியா அம்மா?" என்றாள். நான் உங்கள் கடிதங்களை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரொட்டிக் கடை வந்த இடத்தில் சிரித்தாள். முழுவதையும் படித்து மடித்துவிட்டு, "இவரை எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வரும். ஆனால் எனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டி தனியாக வைப்பார்கள். எல்லோரும் மேசையில் சாப்பிடுவார்கள், நான் வாயில் வைத்ததும் எல்லோருடைய கண்ணும் என் முகத்துக்கு வரும். பாவம் என்று மாப்பிள்ளை தன் தட்டைக் கொஞ்சம் மறைத்துக்கொள்வார். நல்ல மனிதர். ஆனால் நான் பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன். நீங்கள் பாவப்பட்டு உப்புப் போட்டீர்கள். இவர்கள் பாவப்பட்டுத் தட்டை மறைக்கிறார்கள். என்னோடு உட்கார்ந்து இதையே ஒருவர் சாப்பிட வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற விஷயமா அது?

நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத்தான் அவளுக்கு விரலை வைத்துக் காட்டினேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பெண் கூட வந்து கொண்டுவிடுகிறாள். வந்ததும் எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பாளாம். பார்க்கட்டும்.


ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை

அம்மணி,

போஸ்ட்ல போட்டா இது உன் கைக்கு வர்றதுக்குள்ள நீயே வந்துடுவ. அதனால சாப்பாட்டு மேசையில உன் தட்டுக்கு அடியில வைக்கிறேன். நான் எதிர்ல உக்காந்திருக்கறப்பவே படி. எனக்கு வாயால சொல்ல வராது.

அலமாரியெல்லாம் நானே தொறந்து போட்டுட்டேன், பொண்ணுக்குச் சிரமம் எதுக்கு. மேனேஜர் இன்னும் மணலுக்குள்ளதான். அவன் பங்கு வச்சாச்சு.

எலுமிச்சையக் கொறைச்சிருக்கேன். கிழங்க நல்லா மசிச்சேன். இருந்தாலும் இன்னைக்கும் நல்லா இருக்காது, முன்கூட்டியே சொல்லிடறேன். நான் நாலு தடவை குடிச்சுப் பாத்தேன், நாலு தடவையும் நல்லா இல்ல.

சட்டி ஒண்ணுதான். தட்டு மூணு, பொண்ணுக்கும் இதேதான், அவளும் கொஞ்சம் மெல்லட்டும். நீ ஒரு வாய் சாப்பிட்டுத் திட்டு. நானும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு உன்கூடச் சேந்து திட்டறேன்.

உக்காரு. ஆறிடப் போகுது.